வேலாயியின் கையும் தங்கையாவின் தாராளமும்

தங்கையாவுக்கு வேலை என்னவோ லோரி ஓட்டுவதுதான். கேமரன் மலையில் தோட்டத்துத் தேயிலைத் தூளைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி தாப்பாவுக்கு இறங்குவார். அங்கிருந்து ஈப்போவுக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு மறுபடியும் மலையேறுவார். ஆனால் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் யாரிடமாவது போய் ‘டிரைவர் தங்கையா வீடு எது?’ என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ‘நம்ம டாக்டர் வீடா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற ஒருத்தர் முகத்திலாவது கேலி இருக்கவேண்டுமே, இருக்காது.

இந்த டாக்டர் படித்த படிப்பு தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்குப் பின்னால் ஓடைக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொழுந்து மூட்டை தூக்கினார். லோரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். பழைய டிரைவருக்குக் கண் மங்கியதும் ஸ்டியரிங் இவர் கைக்கு வந்தது. கொழுந்து பறிக்கிற வேலாயியைக் கட்டிக்கொண்டார். அதுவரைக்கும் நம்மைப்போல ஒரு சாதாரண மனுஷர்தான்.

டாக்டரானது எழுபதுகளின் தொடக்கத்தில், தோட்டத்துக் கிராணியால். ஆபீசில் கணக்கெழுதுகிற அந்தக் கிராணி ஒருமுறை ஈப்போவுக்குப் போய்விட்டு, வெளியே சொல்லமுடியாத ஒரு நோவோடு திரும்பிவந்தார். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் சிங்காரம் இருந்தார். டாக்டர் இல்லாத தோட்டத்தில் ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் அவர்தான். ஆனால் அவரிடம் காட்டினால் ஆயிரம் கேள்வி கேட்பார், அந்தக் கேள்விகள் ஜன்னல் வழியாக வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும். கிராணி தங்கையாவின் காதைக் கடித்தார். தங்கையா தாப்பாவில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கண்ணைச் சிமிட்டி, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமலே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பை காப்சூல் வாங்கிவந்து கொடுத்தார். கிராணிக்குக் குணமாகிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே பெரிய இடத்துக் கேஸ்! தங்கையாவுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

கிராணி மிச்சம் வைத்த காப்சூல்களைத் தங்கையா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். பக்கத்து வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றதும் அதிலிருந்து நாலைக் கொடுத்தார். அவள் இரண்டு விழுங்கினாள், காய்ச்சல் விட்டது, மீதி இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிட வேண்டியது, மிச்சத்தை டாக்டர் வீட்டு டின்னில் சேர்த்துவிட வேண்டியது. கொடுத்ததை முழுசாகத் தின்று தீர்க்கிறவள் பேராசைக்காரி. ‘அத்தனையும் அவளே முழுங்கிட்டாடி, அடுத்தவங்களுக்கு நோவே வராதா?’ என்று தண்ணீர்க் குழாயடியில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அந்த ஏச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் பாதி நோயோடு எழுந்து வேலைக்குப் போனார்கள்.

தங்கையாவின் வைத்தியம் நிறத்தைப் பார்த்துத்தான். சிவப்பு-மஞ்சள் காய்ச்சலுக்கும் கட்டிக்கும். சிவப்பு-கறுப்பு இருமலுக்கும் காதுவலிக்கும். வெள்ளை மாத்திரை எதற்கு என்று அவருக்கே தெரியாததால் அது வயிற்றுக்கு. காப்சூலின் மேலோட்டை மாட்டெலும்பைக் காய்ச்சித்தான் செய்கிறார்கள் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் அதை எப்படி விழுங்குவது? அதற்கும் டாக்டர் வழி கண்டுபிடித்திருந்தார். ஓட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் தூளைத் தேத்தண்ணியில் கொட்டி, கசப்புத் தெரியாமலிருக்க டின்பால் தாராளமாக ஊற்றிக் கலக்கிக் குடிக்கவேண்டும். புண் என்றால் அந்தத் தூளை மேலேயும் கொஞ்சம் தூவிக்கொள்ளலாம். தேயிலை விளைகிற ஊரில் மருந்தும் தேத்தண்ணியாகவே உள்ளே போனது.

டிரஸ்ஸர் சிங்காரம் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், தொண்டை கிழியக் கத்துவார். “தெரியாத மருந்தத் திங்காதீங்க! தின்னா முழுசாத் தின்னுத் தொலைங்க!” யார் கேட்டார்கள்? சிங்காரம் எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளைத் தண்ணியைக் கொடுக்கிறவர். போதாததற்கு நோவு லீவுக்கு ஒரு எம்சி எழுதித்தர மூக்கால் அழுவார். தங்கையா காசு வாங்குவதில்லை, முகம் சுளிப்பதில்லை. திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றுகிற சிநேகிதன் கொடுக்கிற கீரையில்கூடப் பாதியை நோயாளிக்கே கொடுத்துவிடுவார். ‘டாக்டர்’ என்று நாலு பேர் கூப்பிட்டால் போதும், மனுஷருக்கு மீசை தானாக நிமிர்ந்துகொள்ளும்.

வேலாயிக்கு இதில் பெருமையும் இல்லை, எரிச்சலும் இல்லை. அவள் உலகம் வேறு. அந்த மலைச்சரிவில் கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பறிப்பார்கள், வேலாயி ஊர்க்கதை பேசிக்கொண்டே பறிப்பாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அவள் விரலுக்கே தெரியும். தோட்டத்துத் துரையே ஜீப்பை நிறுத்தி அவள் பறிப்பதைப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அவள் சொத்து.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தக் கையில்தான் வந்தது வினை. கவ்வாத்து வெட்டிய செடி ஒன்றின் கூரான குச்சி கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். இரண்டொரு நாளில் உள்ளங்கை பன்னு மாதிரி வீங்கிப்போய் நின்றது.

“இங்க காட்டு, நான் பாத்துக்கிறேன்” என்றார் தங்கையா.

“டிரஸ்ஸர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வரட்டுங்களா?”

“புருஷன் டாக்டரா இருக்கறப்ப அந்த வெள்ளத் தண்ணிக்காரன்கிட்டப் போவியா? லயத்துல என்ன பேசுவாங்க?”

வேலாயி கையை நீட்டினாள். சிவப்பு-மஞ்சள் பாலோடு உள்ளே போனது, புண்ணின் மேலேயும் விழுந்தது. வீக்கம் அசையவில்லை. நிறத்தை மாற்றி சிவப்பு-கறுப்பு கொடுத்தார். வீக்கம் விரலெல்லாம் ஏறியது. வேலாயி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தாள். லயமே ஓகோ என்று புகழ்ந்த வைத்தியம் சொந்த வீட்டில் படுத்துவிட்டது. கடைசியில் சிங்காரம்தான் வாசலில் வந்து நின்று கத்தினார்.

“யோவ் தங்கையா, லோரிய எடுய்யா! பொண்டாட்டி கை அழுகப் போவுது, நீ நெறம் பாத்துக்கிட்டு இருக்க!”

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அப்போது புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். பேர் ஸுல்கிஃப்லி. டவுனில் ரொட்டிச்சானாய்க் கடை வைத்திருக்கும் சேக் தாவூத்தின் மகன். தங்கையா அந்தக் கடையில் பசியாறுகிறவர், இந்த டாக்டர் அரைக்கால் சட்டையோடு மேசை துடைத்ததைப் பார்த்தவர். அதனாலேயே ‘இவன் என்ன பெரிய டாக்டர்’ என்கிற ஒரு நினைப்பு அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. அந்தப் பையன்தான் வேலாயியின் கையைக் கீறி, கிண்ணம் நிறைய சீழை எடுத்து, அதில் கொஞ்சத்தை எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்க ஈப்போவுக்கு அனுப்பிவைத்தார். பதில் வருவதற்குள் புது மருந்தொன்றை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார். வீக்கம் வடியத் தொடங்கியது. அந்த மருந்துக்குத்தான் மசிகிறது என்று ஈப்போவிலிருந்து பதிலும் வந்து சேர்ந்தது.

“அண்ணே, நீங்க குடுத்த சிவப்பு-மஞ்சளப் பால்ல கலந்தா, பாலே மருந்தப் புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல சரியாச் சேராது” என்றார் டாக்டர். “சிவப்பு-கறுப்பு பெனிசிலின் குடும்பம். அது நல்ல மருந்துதான். கிருமி உயிரோட இருக்கணும்னா தன்னச் சுத்தி ஒரு சுவரக் கட்டிக்கிட்டே இருக்கணும். பெனிசிலின் போயி அந்தச் சுவரக் கட்டவுடாது. சுவரு இல்லாம கிருமி வெடிச்சுச் செத்துரும்.”

“அப்ப ஏன் டாக்டர் சாகல?” தங்கையா சும்மா விடுவாரா? இரண்டு வைத்தியர்கள் கலந்து பேசுகிற தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“கிருமி லேசுப்பட்டதில்லண்ணே. பெனிசிலினுக்கு உசுரே அதுக்குள்ள இருக்கற ஒரு சின்ன வளையத்துலதான். அந்த வளையத்த அறுக்கறதுக்குன்னே இந்தக் கிருமி ஒரு கத்தரியச் செஞ்சு வெச்சிருக்கு. மருந்து கிட்ட வந்ததும் நறுக்கிப் போட்டுரும். இப்ப நான் குடுக்கறது குளோக்சாசிலின். இதுவும் அதே குடும்பம், அதே வளையம். ஆனா வளையத்துக்குப் பக்கத்துல பெருசா ஒரு முண்டு வெச்சுக் கட்டியிருக்காங்க. கத்தரி வாயத் தொறந்துக்கிட்டு வந்தா முண்டு இடிக்கும், வளையத்துக்கு எட்டாது. மருந்து சேதாரமில்லாமப் போயி வேலையப் பாத்துரும்.”

தங்கையா மெச்சிக்கொண்டு தலையாட்டினார். லயத்துக்குப் போய் இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லவேண்டும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

கீறிய இடம் காய்ந்து வந்ததும், வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு பெரிய பை நிறைய காப்சூல் கொடுத்தார். “ஓட்டோட முழுங்கணும். வெறும் வயித்துல, பச்சத் தண்ணியில. தேத்தண்ணி வேணாம். புண்ணு ஆறிப்போனாலும் நிறுத்தக் கூடாது. மேல ஆறியிருக்கும், உள்ள கொஞ்சம் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். பை காலியாகற வரைக்கும் சாப்பிடணும்.”

“ஓடு மாட்டெலும்புன்னு சொல்றாங்களே, டாக்டர்?”

“எங்க ஆளுங்களுக்கு வேற ஒரு மிருகத்த நெனச்சுப் பயம். ஓடா, கையான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

“கைதான், கைதான்” என்றாள் வேலாயி அவசரமாக.

வீட்டுக்கு வந்ததும் பை தங்கையாவின் பொறுப்பில் போனது. மருந்து விஷயம் அவருடைய இலாகா அல்லவா? வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தார், அவளும் விழுங்கினாள். அந்தக் காப்சூலின் நிறம் லயத்தில் அதுவரை யாரும் பார்க்காத நிறம். பார்க்க வருகிறவர்களெல்லாம் கையைப் பார்ப்பதற்கு முன்னால் பையைத்தான் பார்த்தார்கள். தங்கையா ஒரு காப்சூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தரி கதையைச் சொல்வார். “இதுக்குள்ள ஒரு முண்டு இருக்குலா. இது முன்னால எந்தக் கிருமியும் நிக்காது.” கேட்கிறவர்களுக்கு வாயில் ஈ போவது தெரியாது.

புண் ஆறியது. மேல்தோல் மூடி, வேலாயி கையை மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். பையில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. தங்கையாவின் மனசு கேட்கவில்லை. ஆறின கைக்கு எதற்கு இவ்வளவு? வாசலில் வந்து நிற்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்பினால் டாக்டர் பேர் என்னாவது? சொந்தப் பெண்டாட்டியே முழுசையும் தின்று தீர்த்தாள் என்று நாளைக்குக் குழாயடியில் பேசமாட்டார்களா?

“மருந்து முடிஞ்சிருச்சு புள்ள” என்றார் வேலாயியிடம். பை டின்னுக்குள் போயிற்று. டின்னிலிருந்து ஊருக்குப் போயிற்று. வேலாயி நம்பினாள். பாவி மனுஷர், கண்ணைப் பார்த்துச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

மலைக்கு மறுபடியும் கொழுந்து பறிக்கப் போன வேலாயி, ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் அடியில் பழைய இடத்தில் குத்தல். சாயங்காலத்துக்குள் சிவந்தது, மறுநாள் வீங்கியது, அதற்கு மறுநாள் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏற, குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. இந்தத் தடவை சிங்காரம் வந்து கத்தும்வரை தங்கையா காத்திருக்கவில்லை. லோரியை அடித்துப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனார்.

வேலாயியின் கையைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்கு முகம் மாறியது. “அண்ணே, நான் குடுத்தத முழுசா சாப்பிட்டாங்களா?”

தங்கையா வேலாயியைப் பார்த்தார். வேலாயி, “பை காலியாகற வரைக்கும் சாப்பிட்டேன் டாக்டர்” என்றாள், பச்சைப்பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி.

“ஆமா டாக்டர், முழுசும்” என்றார் தங்கையா.

அந்தப் பொய் அப்போது அவருக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது. மருந்து கொடுக்கப் போகிறவர் கொடுக்கட்டுமே, பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார். டாக்டர் மறுபடியும் சீழை எடுத்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு வராந்தாச் சுவரில் மாட்டியிருந்த போனடியில் நின்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. லயத்திலிருந்து ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. கோயில் தலைவரும் வேலைக்கு ஆள் பிரிக்கிறவருமான கங்காணி மாடசாமி முன்னால் வந்தார். அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு ஆரஞ்சுப்பழப் பையோடு வந்தாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார்.

“அண்ணே, தனியாப் பேசணும்.”

“இங்கயே சொல்லுங்க டாக்டர், எல்லாம் நம்ம சனம்தான்” என்றார் தங்கையா. அந்த வாய்க்கு அடங்கியிருக்கத் தெரியாது.

டாக்டர் வேலாயியைப் பார்த்துத்தான் சொன்னார். “அக்கா, முழு மருந்தும் சாப்பிட்டும் இது திரும்பி வந்திருக்குன்னா, கிருமி இந்த மருந்தையும் ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்படின்னா இந்தக் குடும்பத்துல எந்த மருந்தும் இனிமே பிரயோஜனப்படாது. கோலாலம்பூர்ல வேற ஒரு ஊசி இருக்கு. அது கிட்னியப் பாதிக்கும், இங்க வந்து சேரவும் நாளாகும். சீழ் சோதனைக்குப் பதில் வர்ற வரைக்கும் காத்திருந்தா எலும்புக்குப் போயிரும், அப்பறம் ரத்தத்துல ஏறிரும். ஈப்போல பேசிட்டேன். மணிக்கட்டோட எடுத்தரணும்னு சொல்றாங்க. சாயங்காலம் ஆம்புலன்ஸ் போகுது.”

அம்மாக்கண்ணு ‘ஐயோ ஆத்தா’ என்று வாயில் கை வைத்தாள். வேலாயி அழவில்லை. போர்வைக்கு மேல் வீங்கிக் கிடந்த தன் வலது கையை, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு இடது கையால் அந்தக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கிருமி ஜெயிக்கவில்லை, தங்கையாவுக்குத் தெரியும். சண்டை நடுவில் மருந்தைத் திருடியது அவர்தான். அதைச் சொன்னால் கை பிழைக்கலாம். சொன்னால் டாக்டர் தங்கையா அந்த இடத்திலேயே செத்தார், அதுவும் கங்காணி முன்னால், லயத்துச் சனம் முன்னால், மேசை துடைத்த பையன் முன்னால். இத்தனை வருஷம் சேர்த்த மரியாதை! கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு மனுஷர் நின்றார். டாக்டர் கதவுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

“டாக்டர்!” குரல் கிறீச்சிட்டது. “அவ முழுசும் சாப்பிடல.”

டாக்டர் திரும்பினார். வேலாயியும் திரும்பினாள்.

“பாதிதான் குடுத்தேன். பாதிகூட இல்ல. புண்ணு ஆறிருச்சுன்னு... மிச்சத்த எடுத்து வெச்சிட்டு, முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அவளுக்குத் தெரியாது.”

“மிச்சம் எங்கண்ணே?”

தங்கையா சொல்ல வேண்டியிருக்கவில்லை, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருத்தராக நெளிய ஆரம்பித்தார்கள். “எனக்கு ரெண்டு குடுத்தாரு, பல்லுவலிக்கு” என்றாள் அம்மாக்கண்ணு தரையைப் பார்த்தபடி. “மூட்டுக்கு நாலு” என்று ஒரு குரல். “எம்மவளுக்குப் பரீச்சப் பயத்துக்கு ஒண்ணு” என்று இன்னொன்று. ஒருத்தி தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையில் பேனுக்குத் தேய்த்திருந்தாள். கங்காணி மாடசாமி மட்டும் கூரையில் ஓடுகிற பல்லியையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“கங்காணியாரே, நீங்களும் வாங்கினீங்கல்ல?” என்றாள் அம்மாக்கண்ணு, தனியாக மாட்டிக்கொள்ள மனசில்லாமல்.

“எனக்கில்ல ஆத்தா” என்றார் கங்காணி. “சேவலுக்கு. கோலா தெர்லாப் பக்கம் சண்டைக்கு விட்டப்ப கத்தி பட்டு தொடையில சீழ் வெச்சிருச்சு.”

டாக்டருக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. “சேவல் எப்படி இருக்கு?”

“நல்லாயிருச்சு டாக்டர். தெனம் கரெக்டா குடுத்தேன்ல” என்றார் கங்காணி, கேட்டுவிட்டாரே என்கிற சந்தோஷத்தில்.

வேலாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் போனுக்கு ஓடினார். ஆம்புலன்ஸை நிறுத்திவைத்து, கையை மறுபடியும் ஆழக் கீறி, அதே குளோக்சாசிலினை நேராக ரத்தத்தில், வேளை தவறாமல் ஏற்றினார். முதல் இரண்டு நாள் எதுவும் சொல்லமுடியாது என்றுவிட்டார். தங்கையா வராந்தா பெஞ்சிலேயே கிடந்தார். தேத்தண்ணி கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மணிக்கட்டில் தோல் சுருங்கத் தொடங்கியது. பழைய மருந்துக்கே இந்தக் கிருமியும் மசியும் என்று ஈப்போவிலிருந்து தகவல் வந்தபோது பாதி வீக்கம் வடிந்திருந்தது. கை பிழைத்தது. கட்டைவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது மறுபடியும் ஒரு பை. தங்கையா பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். வேலாயி அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். கடைசிக் காப்சூல்வரை அவளே எடுத்தாள், அவளே ஓட்டோடு விழுங்கினாள், பச்சைத் தண்ணீர் குடித்தாள். சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் ஒரு பேச்சு கிடையாது. தங்கையா பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய் சிங்காரத்தின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவந்தார். சிங்காரம் அன்றைக்கு மட்டும் கத்தவில்லை.

இனிமேல் லயத்தில் தலைகாட்ட முடியாது என்றுதான் தங்கையா நினைத்தார். காறித் துப்புவார்கள், ‘டாக்டர்’ என்று கூப்பிட்டுக் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று பயந்து, கிடைத்த டிரிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியிலேயே சுற்றினார். ஆனால் சனத்தின் புத்தி அவருக்கு அவ்வளவு வயசாகியும் பிடிபடவில்லை. குழாயடியில் ஓடிய பேச்சு வேறு. “கட்டினவ மருந்தையே எடுத்து ஊருக்குக் குடுத்த மனுஷன்டி! யாருக்கு வரும் அந்த மனசு?” அம்மாக்கண்ணு அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இத்தனைக்கும் அவள் பல்வலி அன்றைக்கும் இருந்தது. “ஆஸ்பத்திரில அத்தன பேரு முன்னாடி மறைக்காம ஒத்துக்கிட்டாரு பாரு, அதான் டாக்டரு!” மறுபடியும் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். டின் இல்லை, மாத்திரை இல்லை, டிரஸ்ஸர்கிட்டப் போங்க என்று தங்கையா கையெடுத்துக் கும்பிட்டால், ‘எவ்வளவு அடக்கம்!’ என்று அதையும் மெச்சிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷத்து மாரியம்மன் திருவிழாவில், பகல் பூசை முடிந்து அன்னதானத்துக்குப் பந்தி போடுவதற்கு முன்னால், கோயில் தலைவர் என்கிற முறையில் கங்காணி மாடசாமி மைக்கைப் பிடித்தார். நம் தோட்டத்தில் ஒரு கர்ணன் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். தன் வீட்டில் நோவு இருக்கும்போதே அடுத்தவர் நோவைப் பார்த்தவர் என்றார். சேவலைப் பற்றி மூச்சு விடவில்லை. தங்கையா வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் நகர, நாலு பேர் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தி, கழுத்தில் ரோஜாமாலையைப் போட்டார்கள். மாலை கொண்டுவந்த தட்டை ஏந்தி நிற்க வேலாயியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஆத்தா வேலாயி, நீயும் ரெண்டு வார்த்த சொல்லு” என்று கங்காணி மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

வேலாயி தட்டைக் கீழே வைத்தாள். மைக்கை வலது கையால் வாங்கப் பார்த்தாள். கட்டைவிரல் மடங்காததால் அது நழுவியது, இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“எம் புருஷன் ரொம்ப தாராளங்க” என்றாள். “யாராச்சும் எங் கையக் கேட்டிருந்தாலும் எடுத்துக் குடுத்திருப்பாரு.”

முதலில் கங்காணி கைதட்டினார். அவரைப் பார்த்து அம்மாக்கண்ணு தட்டினாள், அவளைப் பார்த்து மொத்தச் சனமும் கண் கலங்கக் கலங்கத் தட்டியது. பந்திக்கு இலை போடுகிற வரைக்கும் நிறுத்தவேயில்லை. தங்கையா மாலையோடு நின்றார், வேலாயி அவர் பக்கம் திரும்பாமல் மைக்கைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு இலை போடப் போனாள்.